பாடும் பங்கும்: நல்லவாடு கரையின் வருமானக் கணக்கும் ஆபத்துக் கணக்கும்

கடலில் கிடைப்பதற்கு மீன்பாடு என்று பெயர். அதைக் கரையில் பிரித்துக்கொள்வதற்குப் பங்கு என்று பெயர். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலிருந்து கிழக்கே திரும்பினால் வரும் நல்லவாடு போன்ற மீனவ ஊர்களில், ஒரு முழு நிதிக் கணக்கு இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. பாடு நிச்சயமில்லாதது. அது சராசரியாக எவ்வளவு வரும், அந்தச் சராசரியை விட்டு எவ்வளவு தூரம் விலகும் என்பவைதான் முதலீட்டுத் துறையில் எதிர்பார்ப்பு வருமானம், ஆபத்து என்று கணக்கிடப்படுகின்றன. நிச்சயமில்லாத அந்த வரவை யார் எந்த அளவுக்குத் தாங்குவது என்பதைப் பங்கு தீர்மானிக்கிறது. பங்குச்சந்தை என்ற சொல்லில் இருப்பதும் இதே பங்குதான். கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு வயது மிகவும் அதிகம்.

நல்லவாட்டுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பேரரசின் பானை ஓடுகளும் மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பேடு பொதுகே என்று சொல்லும் துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் கடல் வணிகத்துக்குப் பணம் எப்படித் திரட்டப்பட்டது என்பதைக் காட்டும் ஆவணம் மேற்குக் கரை வணிகத்தைப் பற்றியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட அது, இப்போது வியன்னாவில் உள்ளது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் அந்தக் கரையின் முசிறித் துறைமுகத்துக்கான பயணக் கடன் பற்றிய ஒப்பந்தம் இருக்கிறது. மறுபக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. நான்கில் ஒரு பங்கு சுங்கத்துக்குப் போனபின் மிஞ்சிய சரக்கே ரோமானிய நாணயமான செஸ்டர்ஸில் ஏறக்குறைய எழுபது லட்சம் மதிப்புள்ளது. இவ்வளவு பெரிய செல்வம் ஒரே கப்பலில் ஏறியது என்பது, அந்தக் கால வணிகர்கள் எவ்வளவு ஆபத்தை மனமறிந்து ஏற்றார்கள் என்பதற்கு நேரடிச் சான்று.

ஆபத்துக்கு எண்ணால் விலை வைத்த பழைய இந்திய நூல் அர்த்தசாஸ்திரம். நூறு பணத்துக்கு மாத வட்டி ஒன்றேகால் பணம் என்பது அதில் முறையான வட்டி. வணிகத்துக்கு ஐந்து பணம், காட்டு வழி செல்பவருக்குப் பத்து, கடல் வழி செல்பவருக்கு இருபது. நான்கு எண்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வழி கடினமாக ஆக ஆக வட்டி ஏறுகிறது. ஐந்துக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்கும் பதினைந்து பணத்தைக் கடலின் ஆபத்துக்குக் கட்டிய விலை என்றே படிக்க வேண்டும். ஆபத்து கூடும் இடத்தில் எதிர்பார்க்கும் வருமானமும் கூடினால்தான் பணம் அங்கே போகும் என்ற இன்றைய நிதிப் பாடத்தின் முதல் விதி இதற்குள் இருக்கிறது.

மத்தியதரைக்கடல் நாடுகளில் பழகி, பின்னர் ஐரோப்பியர் எல்லோரும் கைக்கொண்ட கடல் கடன் இதே கணக்கில் இயங்கியது. கப்பல் திரும்பினால் அசலும் உயர்ந்த வட்டியும் சேர்ந்து வரும். கப்பல் மூழ்கினால் கடன் கொடுத்தவருக்கு எதுவும் இல்லை. வாங்கியவர் திருப்பித் தர வேண்டியதும் இல்லை. பதினான்காம் லூயி 1681இல் வெளியிட்ட கடல் சட்டத்தில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் 'பெருந்துணிவுக் கடன்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். பத்துக் கப்பலில் ஒன்று தொலையும் என்று வைத்துக்கொண்டால், நூறு வராகன் கொடுத்தவர் நட்டமில்லாமல் இருப்பதற்கே திரும்பும் ஒவ்வொரு கப்பலிடமிருந்தும் ஏறக்குறைய நூற்றுப்பதினோரு வராகன் வாங்க வேண்டும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்கும்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் 1674இல் புதுச்சேரியில் கால் ஊன்றியபின் இந்தக் கரையில் கப்பல் கணக்கு அன்றாடப் பேச்சாயிற்று. புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைத் திறந்தால் எந்தக் கப்பல் வந்தது, எது கிளம்பியது, எது இன்னும் வரவில்லை என்ற செய்திகள் ஓயாமல் வருகின்றன. வரவேண்டிய கப்பல் வராத மாதங்களில் நகரத்தின் பணப்புழக்கமே திணறியது. துணி நெய்யக் கொடுத்த முன்பணம், வாங்கிய கடன், கொடுக்க வேண்டிய சம்பளம் எல்லாம் ஒரு பாய்மரம் கண்ணில் படுவதற்காகக் காத்திருந்தன.

அதே காலத்தில், 1738இல், டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழக வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு வணிகர் வருகிறார். வீட்டில் அவருக்கு 4,000 டக்கட் சொத்து. கடல் கடந்த நாட்டில் இருக்கும் 8,000 டக்கட் சரக்கைக் கப்பலில் கொண்டுவர வேண்டும். பத்துக் கப்பலில் ஒன்று மூழ்குவது வழக்கம். சரக்கை ஒரே கப்பலில் ஏற்றினாலும் இரண்டில் பாதிப்பாதியாக ஏற்றினாலும் சராசரி வரவு 7,200 டக்கட்தான். பிரித்ததால் சராசரி ஒரு காசும் கூடவில்லை. ஆனால் ஏழைக்கு ஒரு காசு தரும் பயன் செல்வருக்குத் தராது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே கப்பல் சரக்கின் பெறுமதி அந்த வணிகருக்கு 6,751 டக்கட். இரண்டு கப்பலில் பிரித்தால் 7,033 டக்கட். பிரித்து வைப்பதன் பயனை எண்ணில் காட்டிய முதல் கணக்குகளில் இது ஒன்று. பிரித்து ஏற்றும் வழக்கம் வணிகர்களுக்குப் பழையது. அது ஏன் சரி என்பதற்குத்தான் நிரூபணம் அப்போது வந்தது.

கம்பெனிக் கப்பல்களின் வரலாறு ஏடுகளில் தங்கியிருக்கிறது. அவற்றுக்கு அருகிலேயே ஓடிய கட்டுமரங்களின் கணக்கு ஏட்டில் ஏறவில்லை. அது வழக்கமாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் கூலிக்கு ஆள் வைப்பது அரிது. கரை சேர்ந்த மீனை ஏலம் விட்டு, வந்த பணத்தில் எரிபொருள், பனிக்கட்டி, சாப்பாடு போன்ற பொதுச்செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பார்கள். படகுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். வலைக்கு வலையும் மாறும். கட்டுமரக் காலத்தில் மரத்துக்கும் வலைக்கும் போன பங்கு சிறியது. இயந்திரம் வந்தபின் அது பெருத்தது.

இந்த முறையின் உள்ளே இருக்கும் கணக்கை அருகில் சென்று பார்க்க வேண்டும். விளக்கத்துக்காக ஒரு படகின் பத்து நாளை எடுத்துக்கொள்ளலாம். செலவு போக, இரண்டு நாள் 12,000 ரூபாய் நிற்கிறது. ஐந்து நாள் 4,000 ரூபாய். மூன்று நாள் வலை வெறுமையாக வந்து, டீசலுக்குப் போட்ட 2,000 ரூபாய் நட்டம். எதிர்பார்ப்பு வருமானம் என்பது ஒவ்வொரு தொகையையும் அது வரும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுவது. 2,400உடன் 2,000ஐக் கூட்டி 600ஐக் கழித்தால் ஒரு நாளுக்கு 3,800 ரூபாய். ஆபத்தை அளக்க, ஒவ்வொரு நாளின் தொகையும் இந்த 3,800ஐ விட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகலை வர்க்கப்படுத்தி, வாய்ப்பால் பெருக்கிக் கூட்டி, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். இந்தப் படகுக்கு அது 4,854 ரூபாய். சராசரி வரவை விட அதன் ஆட்டம் பெரியது. கடல் தொழில் எப்படிப்பட்டது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இந்தப் படகில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள், மிச்சத்தில் பாதி அவர்களுக்கு, பாதி உடைமையாளருக்கு, வெறும்வலை நாளின் டீசல் நட்டம் உடைமையாளர் தலையில் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 550 ரூபாய் வரும், உடைமையாளருக்கு 1,600. பங்குக்குப் பதிலாக நால்வருக்கும் தினம் 550 ரூபாய் நிலையான கூலி கொடுத்தாலும் உடைமையாளரின் சராசரி அதே 1,600தான். வேறுபாடு ஆபத்தில் இருக்கிறது. கூலி முறையில் உடைமையாளரின் திட்ட விலக்கம் முழு 4,854 ரூபாய். வெறும்வலை நாளில் 4,200 ரூபாய் கைவிட்டுப் போகும். பங்கு முறையில் அவருடைய திட்ட விலக்கம் 2,800ஆகக் குறைகிறது. மோசமான நாளிலும் நட்டம் 2,000தான். குறைந்த அந்த ஆபத்து மறைந்துவிடவில்லை. அது நான்கு ஆட்களின் வீட்டுக்குப் போகிறது. ஒவ்வொருவரின் 550 ரூபாயும் இப்போது 522 ரூபாய் திட்ட விலக்கத்தோடு ஆடுகிறது.

ஆட்கள் இதை ஏன் ஏற்றார்கள்? தொடர்ந்து பத்து நாள் மீன் இல்லாவிட்டால் கூலி கொடுக்கப் பெரும்பாலான உடைமையாளர்களிடம் கையிருப்பு இருந்திருக்காது. காகிதத்தில் நிலையான கூலி, கையில் எதுவும் வராத கூலியாகவே முடிந்திருக்கும். பங்கு முறையில் நல்ல பாடு கிடைத்த நாளில் வலை இழுத்தவருக்கும் 1,500 ரூபாய் உண்டு. நடுக்கடலில் ஒருவரை ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஏழைகள் தங்களுக்குள் ஆபத்தைப் பிரித்துக்கொள்ளக் கண்ட வழிகளில் இது மிக நேர்மையான ஒன்று. ஆனாலும் பெருஞ்சுமை, சேமிப்பே இல்லாத ஆளின் மீது விழுகிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

ஒரே படகை நம்பாமல் பல படகில் பங்கு வைப்பது அடுத்த படி. பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் 'முதலீட்டுத் தொகுப்புத் தேர்வு' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் வெளிச்சம் போட்டது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொகுப்பின் எதிர்பார்ப்பு வருமானம் அதன் உறுப்புகளின் சராசரிதான். ஆனால் தொகுப்பின் ஆபத்து அவற்றின் ஆபத்துகளின் சராசரி அல்ல. உறுப்புகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஆடுகின்றன என்பதைப் பொறுத்தது அது. அந்த அளவுக்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். மேலே கண்டது போன்ற இரண்டு படகுகளில் பாதிப்பாதி பங்கு வைத்து, இரண்டின் பாடும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாமல் இருந்தால், திட்ட விலக்கம் 4,854 ரூபாயிலிருந்து 3,432 ரூபாய்க்கு இறங்கும். நான்கு படகானால் 2,427.

ஒரே கரையிலிருந்து ஒரே கடலுக்குப் போகும் படகுகள் அப்படித் தொடர்பில்லாமல் இருப்பதில்லை. மீன் கூட்டம் வந்தால் எல்லோருக்கும் வரும். நீரோட்டம் மாறினால் எல்லோர் வலையும் வெறுமை. ஒட்டுறவு 0.8 என்று வைத்தால், இரண்டு படகில் பிரித்தும் திட்ட விலக்கம் 4,605 ரூபாய், நான்கில் 4,475. ஊரின் அத்தனை படகிலும் பங்கு வைத்தாலும் 4,341க்குக் கீழே இறங்காது. பிரித்து வைத்துவிட்டோம் என்ற நிம்மதி இங்கே பெரும்பாலும் பொய் நிம்மதி. இந்தப் பாடத்தில் மனதில் நிறுத்த வேண்டிய ஒரே இடம் எதுவென்றால் இதுதான்.

கரையூரின் பழைய ஏற்பாடுகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும். பருவத்துக்குப் பருவம் வலை மாற்றுவது நல்ல பரவல்: நெத்திலிக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு வேறு கண்ணளவுள்ள வலை, நண்டுக்கு இன்னொன்று. ஒரு மீன் குறையும் பருவத்தில் இன்னொன்று வருவதால் இவற்றின் ஒட்டுறவு குறைவு. பெண்கள் கூடையோடு புதுச்சேரி குபேர் அங்காடிக்குப் போய் மீன் விற்பதும் அப்படித்தான். பாடு குறைந்த நாளில் விலை ஏறுவதால், பிடிப்பவரின் நட்டத்தில் ஒரு பகுதியை விற்பவரின் வரவு ஈடுகட்டுகிறது.

ஏலச்சீட்டின் கதை வேறு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் மாதம் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு விழும். அவசரக்காரர் அதில் ஒரு பகுதியைத் தள்ளி எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குக் கழிவாக வரும். பொறுத்திருப்பவருக்கு இது முதலீடு, முந்தி எடுப்பவருக்குக் கடன். ஒருவர் வீட்டில் திருமணம், இன்னொருவர் வீட்டில் மருத்துவம் என்று தேவைகள் தனித்தனியாக வரும்வரை சீட்டு அருமையாக நடக்கும். புயல் அடித்தால் இருபது பேருக்கும் ஒரே வாரத்தில் பணம் வேண்டும்; கட்டுவதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது இந்தக் கரை முழுவதும் ஒரே இரவில் அடி வாங்கியது.

மீன் வியாபாரியிடமும் ஏலக்காரரிடமும் வாங்கும் முன்பணம் கடல் கடனின் தூரத்து உறவு. தவணை கிடையாது, வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. மீன் வந்தால் அவர் வழியாகவே விற்க வேண்டும். விற்பனையில் அவருக்குக் கழிவு உண்டு. மீன் இல்லாத நாளில் அவர் கேட்கமாட்டார். ஆபத்தில் ஒரு பகுதியை அவர் வாங்கிக்கொள்கிறார் என்பது உண்மை. அதற்கான விலையை ஆண்டுக்கணக்கில் கழிவாக எடுத்துவிடுகிறார் என்பதும் உண்மை. கடன் கைமாறிய நாளிலிருந்து அந்தப் படகுக்குத் தன் மீனின் விலையைப் பேசும் உரிமை குறைந்துவிடுகிறது.

1980களுக்குப் பிறகு இந்தக் கரையில் வெளிப்பொருத்து இயந்திரமும் ஃபைபர் படகும் பரவின. முதலீடு பெருகியது, தொலைவும் பாடும் பெருகின, மீன் கிடைக்காத நாளின் நட்டமும் பெருகியது. பின்னர் வந்த சுருக்குமடி வலைக்குத் தேவைப்பட்ட பணம் ஒரு குடும்பத்தால் இயலாதது. பலர் பங்குதாரர்களாகச் சேர்ந்து கூட்டு முதலாக அதை வாங்கும் வழக்கம் கரையெங்கும் உருவானது. கிடைத்தால் ஒரே இழுப்பில் டன் கணக்கில் மீன். கிடைக்காவிட்டால் பலரின் சேமிப்பு ஒன்றாக முடங்கும். சட்டம் அந்த வலைக்குத் தடை போட்டபோது இன்னொரு வகை ஆபத்தும் சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் அந்த வலையை முன்னிட்டு நல்லவாட்டு மீனவர்களுக்கும் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கும் மோதல் எழுந்தது. ஒரே கடலை நம்பியிருக்கும் இரண்டு ஊர்களின் முதலீடு ஒன்றை ஒன்று எதிர்த்து நின்ற வேதனையான நாள் அது.

மீன்பிடித் தடைக்காலத்தை இந்தக் கணக்கில் ஆபத்து என்று சேர்க்கக்கூடாது. கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். வருவது முன்கூட்டியே தெரிந்த இழப்பு அது. அதற்குச் சேமித்து வைக்கலாம், நிவாரணம் கேட்கலாம். எதிர்பார்ப்பு வருமானத்தைக் குறைக்குமே தவிர அதன் ஆட்டத்தைக் கூட்டாது.

ஊரின் படகுகளும் சீட்டுகளும் சேர்ந்து ஆடும்போது, ஆட்டத்தைக் குறைக்க வலுவான வழி ஒன்று உண்டு: கடலோடு ஒட்டுறவே இல்லாத ஒன்றில் முதல் போடுவது. நகையும் மனையும் அந்த வகையைச் சேர்ந்தவை. பிள்ளையைப் படிக்கவைப்பதும், ஒருவரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதும் அவற்றைவிடப் பெரிய முதலீடுகள். சிங்கப்பூருக்கு ஓர் ஆள் போகக் குடும்பம் கடன் வாங்கும், நகை விற்கும். அங்கிருந்து வரும் மாதப் பணம் வங்கக் கடலின் நீரோட்டத்தைக் கேட்டு ஏறி இறங்குவதில்லை.

தகவலும் ஆபத்தைக் குறைக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. நல்லவாட்டிலும் ஒன்று அமைந்தது. மீன் விலை, வானிலை, அலையின் உயரம் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வது இந்த மையங்களின் அன்றாட வேலையாக இருந்தது. போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் படகுக்கு அந்த அறிவிப்பு, கணக்கில் கைகொடுத்த புதிய எண். நாளைய அலையின் உயரம் இன்றே தெரிந்தால் வெறும்வலை நாட்களில் சிலவற்றையாவது கரையிலேயே இருந்து தவிர்க்கலாம்.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் இந்தோனேசிய நிலநடுக்கச் செய்தியையும் ஆழிப்பேரலை எச்சரிக்கையையும் பார்த்தார். உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தது. செய்தி கேட்ட ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அன்றாடம் மீன் விலை சொன்ன அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். கரையில் நின்ற படகுகளின் ஒட்டுறவு அன்று முழு ஒன்று. சுமார் 200 படகுகளும் 150 வீடுகளும் அழிந்தன. ஊரிலிருந்த 3,600க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.